சரியாக ஐம்பது கிலோ

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சாமி மேல் சத்தியம் செய்தால் சாமி கோபித்துக்கொள்ளும்; பிள்ளைகள் மேல் செய்தால் மருமகள்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகையால், வட ஆற்காடு மாவட்டப் போலீசிலேயே பேர்போன நாக்கு எதுவோ, அந்த ஏட்டு அருணகிரியின் நாக்கின் மேல் ஆணையாகச் சொல்லப்படுகிறது. இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் அந்த நாக்கு ருசி மரத்துப் போகட்டும்.

1979, ஆவணி மாதம், புதன்கிழமை. காலை 9.10.

ஆரணிப் பட்டு வியாபாரி சிவப்பிரகாசம் ராஜவேலுவின் காபிக்கொட்டைக் கடையில் நின்றபடி ஒரு மடக்கு காபி குடித்தார். இரண்டாவது மடக்கு அவர் வாய்க்குப் போகவில்லை. முதல் மடக்கும் திரும்பித் தெருவுக்கு வந்துவிட்டது.

“கொட்டைய மாத்திட்டாங்க” என்றார்.

மறுநாள் காலை அவர் மகளுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா சேலத்துக்காரர். காபி விஷயத்தில் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு மடக்கு குடித்துவிட்டு, கொட்டை மலையின் கிழக்குச் சரிவில் காய்த்ததா மேற்குச் சரிவில் காய்த்ததா என்று சொல்வார். இரண்டாவது மடக்கில் தோட்டக்காரருக்கு எத்தனை சம்சாரம் என்பதையும் சொல்லிவிடுவார். அவருடைய மூத்த பையனுக்கு முதலில் பார்த்த சம்பந்தம் பந்தக்கால் நட்ட பிறகு முறிந்தது. காரணம் சிக்கரி.

அப்பேர்ப்பட்டவர் நிச்சயதார்த்தத்தன்று ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தார்: ஏற்காட்டு மலைக்கொட்டை, தண்ணீரில் கழுவியது, வேறெதுவும் கலக்கக்கூடாது. சிவப்பிரகாசம் ஆடி முதல் வாரத்திலேயே ஒரு மூட்டை வரவழைத்தார். ராஜவேலுவின் கடையில் ஒரு பிடி வறுத்துக் குடித்துப் பார்த்தார்கள். பிரமாதம். மூட்டையைச் சரியாக ஐம்பது கிலோ நிறுத்து, வாயைத் தைத்து, அரக்கு முத்திரை வைத்தார்கள். ஊரிலேயே பத்திரமான இடமான சிவப்பிரகாசத்தின் பட்டு அறைக்கு மூட்டை போய்ச் சேர்ந்தது. ஒன்றரை மாதம் அங்கே இருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரும்ப ராஜவேலு கடைக்கு வந்தது. மறுபடி நிறுத்தார்கள். ஐம்பது கிலோ. முத்திரை உடையவில்லை.

புதன்கிழமை காலையில் முத்திரையை உடைத்து வறுத்தால், காபி செத்த காபியாக இருக்கிறது.

பூட்டிய அறை, உடையாத முத்திரை, குறையாத எடை. உள்ளே இருந்த ருசியை மட்டும் காணோம்.

சிவப்பிரகாசத்தின் விரல் கடைக்குப் பின்பக்கம் நீண்டது. அங்கே முறத்தோடு உட்கார்ந்து கறுப்புக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் சின்னபொண்ணு. கண்ணமங்கலம் பக்கம் ஒரு காலனி. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பதினாலு வயதில் மேஸ்திரியோடு குடகுக்குப் போய், காபித் தோட்டத்திலும் பிறகு மங்களூர்க் கிடங்கிலுமாக இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள். விடியற்காலையில் வேலைக்கு வருவதால் கடையின் பின்கதவுச் சாவி அவளிடம் இருந்தது. அன்று மூட்டையைப் பிரித்ததும் அவள்தான். நல்ல கொட்டையை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டு மட்டக் கொட்டையைப் போட்டவள் அவளே என்று சிவப்பிரகாசம் நடுத்தெருவில் நின்று சொன்னார். பட்டு வியாபாரியின் குரல். காந்தி சாலை முனை வரைக்கும் கேட்டது.

சின்னபொண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

கடை பெஞ்சில் ஏட்டு அருணகிரி உட்கார்ந்திருந்தார். அவரும் அதே காபியைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவருக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டதை ராஜவேலு அப்போதுதான் கவனித்தார். ஏட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருந்தன்மையான மனிதர்.

சம்பந்தி வீட்டார் நாலரை மணிக்கு வருகிறார்கள் என்றும், நாலு மணிக்குள் உண்மை வெளியே வராவிட்டால் சின்னபொண்ணு பேரில் புகார் எழுதிக் கொடுத்துவிடுவதாகவும் சிவப்பிரகாசம் சொல்லிவிட்டுப் போனார்.

“ஏட்டய்யா,” என்றாள் சின்னபொண்ணு. “ஜெயிலு ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. திருடின்னு பேரு வந்துட்டா அப்பால ஆரணில எந்தக் கடைப் படி ஏறுவேன்?”

அருணகிரி மீசையைத் துடைத்துக்கொண்டார்.

காலை 9.40.

மூட்டைச் சாக்கைத் தரையில் விரித்துப் போட்டார். வாயில் இருந்த தையல் கோணி ஊசித் தையல். முத்திரை வைத்தபோது போட்டது. அதைச் சின்னபொண்ணு காலையில் அறுத்திருந்தாள். சாக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் தையல். பழைய ஓட்டைகளிலேயே போட்டிருந்தது, ஆனால் ஒரு முழ நீளத்துக்குச் சணல் நிறம் புதுசு. முடிச்சு கடுகளவு. தறியில் அறுந்த இழையை முடிகிறவன் போடும் முடிச்சு. நகத்தால் தடவினாலும் தட்டுப்படாது.

அந்த முடிச்சு சின்னபொண்ணுவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் ஒரு சணலை எடுத்து முடிந்து காட்டினாள். எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது.

ஆனால் அது ஆரணியில் பாதி ஊருக்குத் தெரிந்த முடிச்சு. ஏட்டுக்கே தெரியும். அவருடைய அப்பா நெசவாளி. முதலாளி கொடுத்த பட்டை நெய்து கொண்டுபோய்க் கொடுத்து, பதினாறு வருஷம் ‘எடை குறைச்சல்’ என்று பேச்சு வாங்கியே செத்தவர்.

காலை 10.30.

அடுத்த சந்தேகம் ராஜவேலு மேல் போனது. கடை அவருடையது, மட்டக் கொட்டை அவரிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

“ராத்திரி கடைய யாரு பூட்னது?”

“நான்தாங்க.”

“மூட்டைய தொட்டீங்களா?”

“நிறுத்தேன். மூலையில வெச்சேன். அவ்ளோதான்.”

“உங்ககிட்ட கீற மட்டம் இன்னா மட்டம்?”

“செர்ரிங்க. பழத்தோட காய வெச்சது.”

“ஆடியில ஒரு பிடி வறுத்தீங்களே, அதுல பச்சைக் கொட்டை மிச்சம் இருக்குதா?”

ராஜவேலு யோசித்துவிட்டு, பரண்மேல் இருந்து ஒரு கண்ணாடி ஜாடியை இறக்கினார். வறுக்கும் பதம் பார்ப்பதற்காக ஒரு உழக்கு எடுத்து, மூடியை இறுக்கி வைத்திருந்தார். குற்றவாளியாக இருந்தால் அந்த ஜாடியை இந்நேரம் கமண்டல நாகநதியில் வீசியிருப்பார் என்று அருணகிரி நினைத்தார். அல்லது அவர் அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே ராஜவேலு அதை இறக்கிக் கொடுத்திருக்கலாம். ஏட்டு இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டார்.

காலை 11.15.

மூன்று கை கொட்டையைத் தனித்தனியாக வறுத்து அரைத்து, மூன்று டம்ளரில் பாலில்லாத டிகாக்‌ஷன் வைத்தார்கள். முதலாவது ஜாடிக் கொட்டை. இரண்டாவது ராஜவேலுவின் செர்ரி. மூன்றாவது மூட்டையில் இருந்தது.

ஒவ்வொன்றையும் முதலில் சின்னபொண்ணு குடிக்க வேண்டும், பிறகுதான் தாம் குடிப்பதாக அருணகிரி சொன்னார். சாட்சி முன்னால், போலீஸ் பின்னால், அது சட்டம். எந்தப் புத்தகத்தில் என்று யாரும் கேட்கவில்லை.

சின்னபொண்ணு முதல் டம்ளரை உறிஞ்சினாள். முகம் தெளிந்தது.

“இது கழுவுன கொட்டை, ஏட்டய்யா. பழத்த அன்னிக்கே மிஷின்ல வுட்டுத் தோல உரிச்சி, தொட்டியில ஊறப் போடுவோம். கொட்டை மேல வழவழன்னு ஒரு பசை இருக்கும். ஒரு ராத்திரில அது வுட்டுப் போயிடும். அப்பால நல்ல தண்ணி வுட்டு, கால்ல தேச்சிக் கழுவிக் காய வெப்போம். ஒரு மணி நேரம் கூட ஊறிட்டா நாத்தம். கொறைய ஊறிட்டா பிசுக்கு. சரியா கழுவுனா, எலுமிச்சந்தோல நகத்தால கிள்ளுனா மாரி சுருக்குனு இருக்கும்.”

“பட்ட சோப்புத் தண்ணில வேவ வெச்சிப் பசை எடுக்கறாப்ல” என்றார் அருணகிரி. அவர் ஒரு மடக்கு குடித்தார்; கண்ணை மூடினார். “அதேதான். எலுமிச்சந்தோலு.”

இரண்டாவது டம்ளர். பழத்தோடு களத்தில் பரப்பி வெயிலில் காய வைப்பது இது என்று அவள் விளக்கினாள். தொட்டியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பழத்தின் சாறெல்லாம் மூன்று நாலு வாரத்தில் கொட்டைக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் கனிந்த பலாச்சுளை மாதிரி ஒரு தித்திப்பு, கொஞ்சம் கள் வாடை, நாக்கில் கனம். மோசமான கொட்டை என்று சொல்ல முடியாது. கட்டையான ஆள், அவ்வளவுதான்.

அருணகிரி குடித்தார். பலாச்சுளையை ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது டம்ளரை அவள் இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு பச்சைக் கொட்டையில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஜாடிக் கொட்டை ஒடிசலாக, நீலம் ஓடிய பச்சையில் இருந்தது. இது உப்பி, வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

“புளிப்பே செத்துப் போச்சு. நனைஞ்ச மண்ணு வாசன. ஈரக் கோணி. ஆனா நடுக்கோட்டப் பாருங்க. வெள்ளையா சுத்தமா கீது. பழத்தோட காஞ்சதா இருந்தா அந்தக் கோட்டுல செவப்புத் தோலு ஒட்டிகினு இருக்கும்.” அவள் குரல் இறங்கியது. “கொட்டைய யாரும் மாத்தல, ஏட்டய்யா. இது அதே ஏற்காட்டுக் கொட்டைதான். மழைக்காத்து தின்னுகீது.”

மங்களூரில் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள் என்றாள். மழைக்காலத்தில் பக்கச்சுவர் இல்லாத கொட்டகையில் கொட்டையைப் பரப்பிவிடுவார்கள். மழை மேலே படாது. கடற்காற்று மட்டும் படும். நாளாக ஆகக் கொட்டை காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து உப்பும், வெளுக்கும், புளிப்பு அடங்கிவிடும். வெயில் காலத்தில் மூட்டை இளைக்கும், மழையில் பெருக்கும். அங்கே கிடங்குக்காரர்களுக்கு அது பாலபாடம்.

ஏட்டு ஜன்னல் வழியே பார்த்தார். அந்த வருஷம் ஆடியிலும் மழை இல்லை, ஆவணியிலும் மழை இல்லை. களம்பூர் அரிசி மில் களத்தில் நெல் தானாகவே பொரிந்து விழுந்ததாகப் பேச்சு. அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

“எந்த மழை?” என்றார்.

மதியம் 12.40.

சிவப்பிரகாசத்தின் பட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. சாவி இரண்டு. ஒன்று முதலாளி அரைஞாணில், மற்றது துரையிடம். துரை இருபத்திரண்டு வருஷமாக அங்கே எடை போடுகிறவர். நெசவாளிகளுக்குப் பட்டை நிறுத்துக் கொடுப்பதும், நெய்து வந்த சேலையை நிறுத்து வாங்குவதும் அவர்தான். முதலாளிக்கு முழங்கால் வலி; வாசற்படியோடு சரி.

துரை ஏட்டுக்கு முக்காலி போட்டார்.

“மூட்டை எங்க இருந்துச்சி?”

“இந்த மூலைலதாங்க, ஏட்டய்யா.”

“யாரு தொட்டாங்க?”

“யாரும் இல்லீங்க. வரும்போது அம்பது, போவும்போது அம்பது. ஒரு கிராம் கொறையல. நீங்களே கேட்டுப் பாருங்க.”

“முத்திரை?”

“முத்திரை சரி, எடை சரி. அப்பால எங்க மேல இன்னா சந்தேகம்?”

வெளியே செருப்பில்லாமல் நடந்தால் கால் வெந்துவிடும் வெயில். உள்ளே கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி இருந்தது. சுவரோரம் ஐந்து மண்பானைகள், வாய் வரை தண்ணீர்.

“இது எதுக்கு?”

“குடிக்கத்தாங்க. வெயிலு பேஜாரா கீது.”

அருணகிரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். டம்ளர் வெளியேயிருந்து வரவேண்டியிருந்தது.

பிறகு அவர் சாப்பிடப் போனார். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தூங்கவும் செய்தார். எந்தக் கேஸாக இருந்தாலும் அதை அவர் விட்டதில்லை.

மாலை 3.50.

ராஜவேலு கடையில் துரை உட்பட எல்லோரும் கூடியிருந்தார்கள். சிவப்பிரகாசத்தின் கையில் எழுதிய புகார் தயாராக இருந்தது. சின்னபொண்ணுவின் பேருக்கு நேரே அடிக்கோடு போட்டிருந்தார். அவள் தூணோரம் நின்றாள். மாற்றுச்சேலையை ஒரு பையில் மடித்து வைத்திருந்தாள், ஸ்டேஷனுக்கு.

அருணகிரி சொன்னது இதுதான்.

கொட்டையை மாற்றவில்லை. நடுக்கோடு வெள்ளை, ஆகவே அது ராஜவேலுவின் செர்ரி அல்ல. ஒரே ராத்திரியில் கொட்டை அப்படி உப்பி வெளுக்காது. ஆகவே அது சின்னபொண்ணுவின் வேலையும் அல்ல. நாள்கணக்காக ஈரக்காற்றில் இருந்திருக்கிறது. மழையே இல்லாத ஊரில் ஈரக்காற்று ஒரே ஓர் அறையில்தான் இருக்கிறது.

“சரி, ஈரம் பட்டுது,” என்றார் சிவப்பிரகாசம். “அது திருட்டு ஆவாது. எடை சரியா இருக்குதே?”

“அதாங்க திருட்டு. எல்லாரும் எடை சரி, எடை சரின்னீங்க. காஞ்ச ஊருல காபி மூட்டை ஒன்றரை மாசம் சும்மா இருந்தா இளைச்சிருக்கணும். ஈரத்துல இருந்துதுன்னா பெருத்திருக்கணும். ரெண்டும் இல்லாம சரியா அம்பது எப்படி நிக்கும்? யாரோ எடுத்துட்டு, எடுத்த அளவுக்கு ஈரத்த ஏத்தி, தினம் நிறுத்துப் பாத்து, அம்பது வந்தவொடனே நிறுத்திகீறாங்க.”

அருணகிரி சாக்கின் அடிப்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

“சாக்கோட அடியில புதுத் தையலு. நெசவாளி முடிச்சு. அறைச் சாவி ரெண்டு பேருகிட்ட. முதலாளி படி தாண்டறதில்ல. அஞ்சு பானை எதுக்குன்னேன். குடிக்கன்னாரு. டம்ளர் இல்ல.”

சிவப்பிரகாசம் மெதுவாகத் திரும்பினார். “பட்டு வறண்டா இழை அறும், அதுக்குன்னு என்கிட்ட சொன்னியே, துரை?”

“முதலாளிக்கு ஒரு காரணம், போலீசுக்கு ஒரு காரணம்,” என்றார் அருணகிரி. “நெசவாளிக்கு மட்டும் காரணமே சொல்லல. பட்டு ஈரத்த நல்லா குடிக்கும், தொட்டா தெரியாது. ஈரப்பட்ட நிறுத்துக் குடுத்தா அவன் கைக்குப் போறது கொறைச்சல். வெயில்ல நெய்ஞ்சிக் காய வெச்சிச் சேலையா கொணாந்தா எடை இருக்காது. திருடன்னு பேரு அவனுக்கு. மிச்சப் பட்டு யாருக்கு, துரை அண்ணே?”

துரை கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பேசினது கொஞ்சம்தான். அவர் மகளை வந்தவாசியில் கொடுக்கப் பேசியிருந்தார்கள். அந்தச் சம்பந்தியும் இந்தக் காபியைக் கேள்விப்பட்டு, தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றிருக்கிறார். “மூணு கிலோதாங்க. பட்டு மாரிதான்னு நெனச்சேன். பட்டு இத்தினி வருஷம் தண்ணி குடிச்சிட்டு வாயத் தொறக்கல. இந்தக் கொட்டை ஒரு மாசத்துல சொல்லிடுச்சே.”

சிவப்பிரகாசம் புகாரை நாலாகக் கிழித்தார். சின்னபொண்ணுவைப் பார்த்து, தவறு நடந்துபோனது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார்.

“இங்க சொன்னா எனுக்கு மட்டும்தான் கேக்கும், முதலாளி,” என்றாள் அவள். “காலைல தெருவுல நின்னு சொன்னீங்க.”

சிவப்பிரகாசம் அருணகிரியைப் பார்த்தார். அருணகிரி மீசையைப் பார்த்துக்கொண்டார். முதலாளி படி இறங்கித் தெருவுக்குப் போனார். காலையில் எங்கே நின்றாரோ அதே இடத்தில் நின்று, சின்னபொண்ணு திருடவில்லை, தாம் சொன்னது பொய் என்று சொன்னார். முதல் தடவை குரல் எடுபடவில்லை. அவள் காத்திருந்தாள். இரண்டாவது தடவை காந்தி சாலை முனையில் ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்; அப்புறம்தான் அவள் பையைப் பிரித்து மாற்றுச்சேலையை ஆணியில் மாட்டினாள்.

மறுவாரம் முழுக்கப் பட்டு அறைப் பட்டெல்லாம் மொட்டை மாடி வெயிலில் கிடந்தது. நெசவாளிகள் சுற்றி நின்றுகொண்டு மறு எடை பார்த்தார்கள். ஐந்து பானைகளும் ஸ்டேஷனுக்குப் போயின, சாட்சிப் பொருளாக.

மாலை 4.30.

சேலத்துச் சம்பந்தி வந்து இறங்கினார். வேறு கொட்டைக்கு நேரம் இல்லை. சின்னபொண்ணு, மூட்டைக் கொட்டை மூன்று பங்குக்கு ஜாடிக் கொட்டை ஒரு பங்கு சேர்த்து, செத்த புளிப்புக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்திருந்தாள். கல்யாணக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சம்பந்தி ஒரு மடக்கு குடித்தார்.

“மேற்குச் சரிவு” என்றார்.

இரண்டாவது மடக்கு குடித்தார். நெற்றியைச் சுருக்கினார். தோட்டக்காரரின் சம்சாரங்களை மட்டும் எண்ண முடியவில்லை, ஈரத்தில் கலங்கிப்போயிருந்தார்கள். இன்னொரு டம்ளர் கேட்டார். கல்யாணம் நடந்தது.

அன்று முதல் காபிக் கேஸ் எதுவானாலும் அருணகிரியின் நாக்கைத்தான் கூப்பிட்டார்கள். வேலூரிலிருந்துகூட ஜீப் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சின்னபொண்ணுவையும் உடன் ஏற்றிக்கொண்டார், சட்டப்படி.

1961-இல் வந்த விஷக்காய்ச்சலில் அருணகிரிக்கு நாக்கு ருசி அடியோடு போய்விட்டது.